டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: கல்லூரி மாணவர் கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கல்லூரிகளில் தலைமைப் பண்புப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரு நாள் பயிலரங்கம்தான். கேட்க நன்றாக இருக்கும், நோட்டில் நாலு பக்கம் எழுதிக்கொள்ளலாம், சான்றிதழும் கிடைக்கும். ஆனால் பத்துப் பேரை ஒரு வேலைக்குச் சேர்த்து, சொன்ன நேரத்துக்கு அதை முடிக்க வைக்கும் திறமை ஒரே நாளில் வருவதில்லை. செய்ய வேண்டும், தப்பாகச் செய்ய வேண்டும், அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் திருத்திச் செய்ய வேண்டும். இந்தச் சுழற்சியை வாராவாரம் தரும் பழைய அமைப்புகளில் ஒன்று, மேடைப் பேச்சுக்கும் தலைமைப் பண்புக்கும் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல். 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கி வைத்தது. இன்று சுமார் 150 நாடுகளில் கிளப்கள் இருக்கின்றன. சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் என்று நம்மவர்கள் இருக்கும் ஊர்களிலும் உண்டு. சில கிளப்கள் முழுக்கத் தமிழிலேயே நடக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேடையில் பேசிப் பழக மட்டும் சேர்கிறவருக்கு இந்தக் கட்டணம் அதிகம். கூட்டத்தில் ஒரு பொறுப்பு, பிறகு கிளப் நிர்வாகத்தில் ஒரு பொறுப்பு என்று எடுத்துச் செய்யத் தயாராக இருக்கிறவருக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே தரும்.

கட்டணத்தைப் பார்ப்போம். 2023 அக்டோபரில் இருந்து தலைமையகத்துக்குப் போகும் உறுப்பினர் சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர். புதிதாகச் சேர்கிறவர் ஒரே ஒரு முறை 20 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதாவது முதல் ஆண்டில் 140 டாலர், அதன்பின் ஆண்டுக்கு 120. ரூபாயில் மாற்றினால் ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். இதற்கு மேல் அறை வாடகை, டீ, பரிசுக் கோப்பை என்று கிளப் தனியாக ஒரு தொகை வாங்கலாம். அது கிளப்புக்குக் கிளப் மாறும், சேரும் முன்பே பொருளாளரிடம் மொத்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள். சந்தா ஏப்ரல் 1, அக்டோபர் 1 என இரண்டு தவணையாக வருகிறது. நடுவில் சேர்ந்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குவார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தைவிட இது அதிகமாக இருக்கக்கூடும். அதனால் வீட்டில் கேட்டு வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு, மாதம் ஒரு தடவை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து வருவது நியாயமில்லை. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதலாம் ஆண்டில் பலர் இந்த இடத்தில்தான் சில மாதம் காத்திருக்க நேர்கிறது.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பயிற்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புரியும். ஒரு கூட்டம் ஒரு மணி நேரத்தில் இருந்து இரண்டு மணி நேரம் வரை ஓடும். மூன்று பகுதிகள்: தயாரித்து வந்த உரைகள், முன்னறிவிப்பில்லாத தலைப்பில் பேசும் டேபிள் டாபிக்ஸ், பிறகு மதிப்பீடு. மூன்று பேர் உரை நிகழ்த்தும் ஒரு சாதாரணக் கூட்டத்தில் யார் யார் தேவை என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒருவர், பேச்சாளர் மூவர், அவர்களை மதிப்பிட மூவர், டேபிள் டாபிக்ஸ் நடத்துபவர் ஒருவர், கூட்டம் முழுவதையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளர் ஒருவர், நேரம் பார்க்கும் டைமர், தடுமாற்ற ஒலிகளை எண்ணும் ஆ-கவுண்டர், மொழியைக் கவனிக்கும் கிராமேரியன். மொத்தம் 12 பேர். இதில் உரை நிகழ்த்துபவர் மூன்றே பேர். மற்ற ஒன்பது பேரும் இன்னொருவருக்காக வேலை செய்கிறார்கள். தலைமைப் பயிற்சி அந்த ஒன்பது இடங்களில்தான் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த மாணவர் டைமரில் தொடங்குவது நல்லது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று அட்டைகள். ஐந்து முதல் ஏழு நிமிட உரைக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. டேபிள் டாபிக்ஸுக்கு ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. மதிப்பீட்டுக்கு இரண்டு, இரண்டரை, மூன்று. புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பேச்சைக் கேட்பதில் மூழ்கி அட்டையைத் தாமதமாகத் தூக்குவது. இன்னொரு சிக்கல், பேசுபவர் மூத்த உறுப்பினராக இருந்தால் சிவப்பு அட்டையைத் தயங்கித் தயங்கி மார்புக்கு நேரே பிடிப்பது. அட்டை தலைக்கு மேலே, பேசுபவர் பார்க்கும் வரை, அசையாமல் இருக்க வேண்டும். ஒரு மூத்தவரிடம் "உங்கள் நேரம் முடிந்தது" என்று மரியாதை குறையாமல், தயங்காமல் காட்டப் பழகுவது சின்ன விஷயமில்லை.

ஆ-கவுண்டர் வேலையும் இளையவர்களுக்கு ஏற்றதே. ஆங்கிலக் கூட்டத்தில் 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'ஸோ' அதிகம் விழும். தமிழ்க் கூட்டத்தில் 'வந்து', 'அதாவது', 'இப்ப பாத்தீங்கன்னா'. எண்ணிக்கையை மட்டும் வாசித்தால் கேட்பவருக்குப் பயன் குறைவு. எந்த இடத்தில் விழுந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில்தான் 'வந்து' வரும். அந்த மூட்டில் வாயை மூடி ஒரு நொடி நிற்கப் பழகினால் பாதி குறைந்துவிடும்.

டேபிள் டாபிக்ஸில் மாணவர்கள் பெரும்பாலும் நாற்பது நொடியில் வற்றிப் போகிறார்கள். தலைப்பைக் கேட்டதும் நல்ல பதில் எது என்று தேடுவதுதான் காரணம். தேட வேண்டாம். முதலில் தோன்றிய பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கருத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், ஒரு காரணம், கண்ணால் பார்த்த ஒரு எடுத்துக்காட்டு, மறுபடி கருத்து. எடுத்துக்காட்டு மட்டுமே ஒரு நிமிடம் தாங்கும். கேம்பஸ் இன்டர்வியூவிலும் குழு விவாதத்திலும் இதே வரிசைதான் கைகொடுக்கிறது.

இனி மதிப்பீடு. இந்த அமைப்பில் மிகவும் மதிப்புள்ளதும், மிக மோசமாகச் செய்யப்படுவதும் இதுவே. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் விடுதி மெஸ்ஸில் வீணாகும் சோற்றைப் பற்றிப் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். பல கிளப்களில் வரும் மதிப்பீடு இப்படி இருக்கும்: "ரொம்ப நல்லா பேசினீங்க. ஐ கான்டாக்ட் சூப்பர். இன்னும் கொஞ்சம் கான்ஃபிடென்ட்டா பேசினா இன்னும் நல்லாயிருக்கும்." அறை கைதட்டும். பேசியவர் அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும் என்று தெரியாமலே வீட்டுக்குப் போவார். 'இன்னும் நம்பிக்கையாக' என்பது செய்யக்கூடிய ஒரு செயலாகவே இல்லை.

இதே உரைக்குப் பயனுள்ள மதிப்பீடு எப்படி இருக்கும்? "தொடக்கத்தில் ஒரு தட்டில் மிஞ்சும் சோற்றை உள்ளங்கையில் அளந்து காட்டினீர்கள். அப்போது பின்வரிசை முழுதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதை விட்டுவிடாதீர்கள். மூன்றாவது நிமிடத்தில் மூன்று எண்களை மூச்சு விடாமல் சொன்னீர்கள். எனக்கு ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதும் இரண்டு நொடி நிறுத்துங்கள், இப்படி." சொல்லிவிட்டு மதிப்பிடுபவரே அந்த வாக்கியத்தைச் சொல்லி, நிறுத்திக் காட்டுகிறார். இதில் பேசியவர் எடுத்துப்போக ஒரு வேலை இருக்கிறது.

இந்தத் தரத்துக்கு வர ஒரு வழி. உரையைக் கேட்கும்போது தாளை மூன்று பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் எத்தனையாவது நிமிடம், நடுவில் அவர் சொன்னது அல்லது செய்தது, மூன்றாவதில் அது கேட்பவர்களிடம் என்ன செய்தது. பேச்சு முடியும்போது பத்துக் குறிப்பாவது சேர்ந்திருக்கும். அதில் இரண்டு நல்லவை, ஒரு திருத்தம் மட்டும் தேர்ந்தெடுங்கள். மிச்சத்தை எழுதித் தரும் படிவத்தில் போட்டுவிடலாம். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கம் 20 நொடி, பாராட்டு 50 நொடி, திருத்தமும் செய்து காட்டுவதும் 60 நொடி, முடிப்பு 20 நொடி. மஞ்சள் அட்டை எழும்போது முடித்து உட்காரலாம். ஐந்து திருத்தம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள்தான் சிவப்புக்கு மேல் போகிறார்கள், கேட்பவரும் அந்த ஐந்தையும் மறந்துவிடுகிறார்.

கல்லூரி வளாகத்துக்குள் நடக்கும் கிளப்பைவிட, வேலைக்குப் போகிறவர்களும் கலந்திருக்கும் பொதுக் கிளப்பை நாங்கள் பரிந்துரைப்பதற்கும் மதிப்பீடுதான் காரணம். வளாகத்தில் மதிப்பிடுபவரும் பேசுபவரும் ஒரே பெஞ்ச். மனம் நோகக் கூடாது என்று பாராட்டிலேயே நின்றுவிடும். பொதுக் கிளப்பில் பத்தொன்பது வயதுப் பெண், 45 வயது வங்கி மேலாளரின் உரையை மதிப்பிட எழுந்து நிற்பார். "சார் எவ்வளவு பெரிய ஆள், நான் போய் என்ன சொல்ல" என்ற தயக்கம் நம் வளர்ப்பிலேயே ஊறியது. மேலே சொன்னபடி 'நிமிடம், செயல், விளைவு' என்று பேசினால் ஆளைக் குறை சொல்வதாகவே ஆகாது. பார்த்ததைத்தான் சொல்கிறோம். மரியாதை குறையாமல் மூத்தவரிடம் குறையைச் சொல்லத் தெரிந்தவர் எந்த அலுவலகத்திலும் முதல் ஆண்டிலேயே தனித்துத் தெரிவார். இந்த ஒன்றுக்காகவே சந்தா கட்டலாம்.

உரைகளுக்கான பாடத்திட்டத்தின் பெயர் பாத்வேஸ். சேர்ந்ததும் ஒரு பாதையை, அதாவது ஒரு பாட வரிசையை, தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பாதையிலும் ஐந்து நிலைகள், பாடங்கள் பேஸ் கேம்ப் என்ற இணையதளத்தில் இருக்கும். மாணவர்களுக்கு 'பிரசென்டேஷன் மாஸ்டரி', 'டைனமிக் லீடர்ஷிப்' இரண்டில் ஒன்று பொருந்தும். மேடை பயம் அதிகம் என்றால் முதலாவது. துறைச் சங்கத்திலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ (என்.எஸ்.எஸ்.) ஏற்கெனவே பொறுப்பில் இருந்தால் இரண்டாவது, ஏனென்றால் அங்கே பேச வேண்டியதற்கான வேலை கையிலேயே இருக்கும்.

முதல் உரை ஐஸ் பிரேக்கர், நான்கு முதல் ஆறு நிமிடம். தன்னை அறிமுகப்படுத்துவது. ஆங்கிலத்தில் 600 சொற்களை ஒட்டி எழுதினால் போதும். பிறந்த ஊர், பள்ளி, பிளஸ் டூ மதிப்பெண், பொழுதுபோக்கு என்று வரிசையாகப் போகும் உரை யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. இரண்டு சம்பவங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இடத்தையும் ஒரு பொருளையும் காட்டினாலே ஆறு நிமிடம் நிறைந்துவிடும். முதல் நிலையின் இன்னொரு பாடம் மாணவர்கள் அவசரத்தில் கெடுத்துக்கொள்வது: பெற்ற மதிப்பீட்டை வைத்து மறுபடி பேசிக் காட்டுவது, பிறகு தானே ஒருவரை மதிப்பிடுவது. அதே உரையை அப்படியே ஒப்பித்துவிட்டுக் கணக்கு முடிப்பவர்கள் உண்டு. பாடத்தின் நோக்கமே அங்கே போய்விடுகிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். பேசி முடித்தால் மட்டும் நிலை ஏறாது. இணையதளத்தில் பாடத்தை முடித்ததாகக் குறித்து, நிலை நிறைவுக்கு விண்ணப்பித்து, கிளப்பின் கல்விக்கான துணைத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். மதிப்பீட்டுப் படிவத்தைத் தொலைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடுவது வழக்கமாக நடக்கிறது. படிவம் கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வதேசப் பேச்சுப் போட்டிக்குத் தகுதி பெறக் குறைந்தது முதல் இரண்டு நிலைகள் முடிந்திருக்க வேண்டும். 2014இல் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி உலகச் சாம்பியனானது இந்தப் பக்கத்துக் கிளப்களுக்குப் பெரிய ஊக்கம். ஆனால் ஒரே ஏழு நிமிட உரையை ஆண்டு முழுக்கச் செதுக்குவது வேறு கலை. படிப்போடு சேர்த்து போட்டியையும் பொறுப்பையும் இழுக்க வேண்டாம், முதல் ஆண்டில் பொறுப்புகளுக்கே நேரத்தைக் கொடுங்கள்.

கிளப் நிர்வாகத்தில் ஏழு பொறுப்புகள்: தலைவர், கல்வி, உறுப்பினர், மக்கள் தொடர்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்ட ஏற்பாட்டைக் கவனிக்கும் சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ். இதில் மாணவரை அதிகம் வளர்ப்பது கல்விக்கான துணைத் தலைவர் பதவி. மாதம் இரண்டு கூட்டம் என்றால் 24 இடங்களை நிரப்ப வேண்டும். சம்பளம் வாங்காத, மறுத்தால் எதுவும் செய்ய முடியாத ஆட்களை வைத்து. வாட்ஸ்அப் குழுவில் "சனிக்கிழமைக்கு யார் டைமர்?" என்று போட்டால் நாற்பது நீல டிக் விழும், ஒரு பதிலும் வராது. வேறு யாராவது எடுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதே காரணம். தனித்தனியாகப் போன் செய்து, "நீங்கள் போன மாதம் மதிப்பிட்டது நன்றாக இருந்தது, இந்தத் தடவை பொது மதிப்பீட்டாளராக இருங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அடுத்த நான்கு கூட்டங்களின் அட்டவணை எப்போதும் திறந்திருக்க வேண்டும். மூன்று நாள் முன்பு ஒவ்வொருவரிடமும் உறுதி வாங்க வேண்டும். முந்தின இரவு பேச்சாளரின் தலைப்பையும் பாடத்தின் பெயரையும் அவருடைய மதிப்பீட்டாளருக்கு அனுப்ப வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பேச்சாளர் வரவில்லை என்றால் டேபிள் டாபிக்ஸை நீட்டிக்க நாலு தலைப்பு கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் இதைச் செய்தவருக்கு ஆட்களை வைத்து வேலை வாங்குவது என்றால் என்ன என்று சொல்லித் தரவே வேண்டியதில்லை.

பொருளாளர் பதவியும் அப்படித்தான். நண்பர்களிடம் பணம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று அப்போதுதான் தெரியும். அக்டோபர் தவணைக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே கேட்கத் தொடங்க வேண்டும். குறைந்தது எட்டுப் பேர், அவர்களில் மூவராவது பழைய உறுப்பினர்கள், சந்தா கட்டினால்தான் கிளப் நல்ல நிலையில் இருப்பதாகக் கணக்கு. கல்லூரிக் கிளப்கள் சரிவது இந்த இடத்தில்தான்.

அதற்குப் பின்னால் இருப்பது காலண்டர். டோஸ்ட்மாஸ்டர்ஸ் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நிர்வாகிகள் தேர்தல் மே மாதம். இங்கே ஏப்ரல், மே என்றால் செமஸ்டர் தேர்வு, நவம்பர், டிசம்பரிலும் தேர்வு. ஏப்ரல் தவணை வரும்போது இறுதியாண்டு மாணவர்கள் புறப்படும் மனநிலையில் இருப்பார்கள், தேர்தலின்போது வளாகமே காலியாகிக்கொண்டிருக்கும். ஏழு பொறுப்புகளையும் இறுதியாண்டுக்கே கொடுத்த கிளப் ஜூலையில் திறக்க ஆளில்லாமல் நிற்கும். குறைந்தது மூன்று பொறுப்புகள் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் இருக்க வேண்டும், அடுத்த நிர்வாகிகள் யார் என்பது மார்ச்சுக்குள் பேசி முடிந்திருக்க வேண்டும். வாரந்தோறும் கூடும் கிளப் ஆறு மாதப் பொறுப்புக்காலம் வைத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. நிர்வாகிகளுக்கு ஆண்டில் இரண்டு முறை பயிற்சி நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள். மற்ற கிளப்கள் இதே சிக்கலை எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்க அதுதான் இடம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இங்கே சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் கிடையாது. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர்கள் என்பதால் கிளப்பின் தரம் அங்கே வரும் ஆட்களின் தரம்தான். ஒவ்வொரு பேச்சுக்கும் கைதட்டல் விழும் சூழல் முதல் மூன்று மாதம் தேவை, அதன்பின் அதுவே மயக்கமாகிவிடலாம். சண்டை, பாரபட்சம், பட்ஜெட் வெட்டு போன்ற நிஜ நெருக்கடிகள் கூட்ட அறைக்குள் வராது. அதற்கு நாட்டு நலப்பணித் திட்டம் நல்ல துணை. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, கிராமத்தில் ஏழு நாள் முகாம், கட்டணம் இல்லை. முகாமில் சமையல், தண்ணீர், ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி என்று எதுவும் ஒத்திகை பார்க்காமல் வரும். கையில் பணமே இல்லையென்றால் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்து, அங்கேயே வாரம் ஒரு மணி நேரம் பேச்சு, அட்டை, மதிப்பீடு என்று இதே முறையை நடத்தலாம். அதற்கு யாரிடமும் சந்தா கட்ட வேண்டியதில்லை.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் விருந்தினராக மூன்று கூட்டம் போய்ப் பாருங்கள். சில கம்பெனிக் கிளப்கள் ஊழியர்களுக்கு மட்டுமே, அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். போகும்போது கவனிக்க வேண்டியது நான்கு. சொன்ன நேரத்துக்குத் தொடங்கி முடிக்கிறார்களா? மதிப்பீட்டில் செய்து பார்க்கக்கூடிய திருத்தம் ஒன்றாவது வருகிறதா? மூன்று கூட்டத்திலும் அதே நாலு பேர்தான் எல்லாப் பொறுப்பும் எடுக்கிறார்களா? புதியவரிடம் யாராவது வந்து உட்கார்ந்து பேசுகிறார்களா? முதல் இரண்டும் இல்லாத கிளப்பில் சேர வேண்டாம். மூன்றாவது மட்டும் குறை என்றால் சேரலாம், உங்களுக்குப் பொறுப்பு சீக்கிரம் கிடைக்கும். சேர்ந்த அன்றே மூத்த உறுப்பினர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டு வாங்குங்கள், தானாக யாரும் ஒதுக்குவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

மொழி பற்றிப் பலர் கேட்கிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர் நேராக ஆங்கிலக் கிளப்பில் சேரலாமா? சேரலாம், ஆனால் முதல் இரண்டு மாதம் டைமர், ஆ-கவுண்டர் பொறுப்புகளின் அறிக்கையை எழுதி வைத்து வாசியுங்கள். சொல்ல வேண்டியது ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் நாலாவது தடவை தாள் தேவைப்படாது. ஊரில் தமிழ்க் கிளப் இருந்தால் மதிப்பீட்டை அங்கே பழகுவது நல்லது. நுணுக்கமாகக் கவனித்ததைத் தாய்மொழியில் சொல்லிப் பழகியவருக்குப் பின்னால் மொழி மாற்றுவது எளிது.

படிப்பு முடிந்து வேறு ஊர் போகிறவர்கள் உறுப்பினர் பதிவை விட்டுவிட வேண்டாம். சந்தா கட்டிய காலம் மீதமிருந்தால் புதிய ஊர்க் கிளப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், தலைமையகச் சந்தாவை அதே காலத்துக்கு மறுபடி கட்ட வேண்டியதில்லை. பாத்வேஸ் கணக்கு உங்கள் பெயரில்தான் இருக்கிறது, முடித்த நிலைகள் கூடவே வரும். கிளம்பும் முன் நிலுவையில் உள்ள நிலை ஒப்புதலைக் கல்வித் துணைத் தலைவரிடம் முடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி மின்னஞ்சல் கொடுத்திருந்தால் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள், அந்த முகவரி முடங்கிவிட்டால் பேஸ் கேம்புக்குள் நுழைவதே சிரமமாகிவிடும்.